அண்ணன் வயரும் தம்பி வயரும்

எங்கள் வீட்டில் வெறும் பாத்திரம் திரும்பிப் போனதாகச் சரித்திரமே இல்லை. கீழேயிருந்து ஒரு கிண்ணம் சர்க்கரை மேலே வந்தால், அந்தக் கிண்ணம் மறுபடி கீழே இறங்கும்போது அதில் ஏதாவது இருந்தாக வேண்டும். கைக்கு எதுவும் அகப்படாத ஒரு நாள், வந்த சர்க்கரையிலேயே பாதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பாசம் என்பார்கள். அடுத்தவனுக்குக் கடமைப்பட்டுவிடக் கூடாது என்ற வீம்பு அது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

கீழே இருப்பவர் என் கணவரின் அண்ணன். பெரியவர் என்போம். மேலே நாங்கள், ஆகவே என் கணவர் சின்னவர். தலை நரைத்த பிறகும் சின்னவர்தான். இருவரையும் பெற்ற என் மாமனார், நிலம் அளக்கும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து முடித்துவிட்டதால், கை சும்மா இருக்க மாட்டாமல் சொந்த வீட்டை அளந்தார். கீழ்த்தளம் பெரியவனுக்கு, மாடி சின்னவனுக்கு. மாடிப்படியில் கீழ்ப்பாதி அண்ணனுக்கு, மேல்பாதி தம்பிக்கு. என் பாதியைப் பெருக்கியதும் நான் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். என் ஓரகத்தி, அதாவது பெரியவர் மனைவி, அவள் பாதியோடு சரி. நடுவில் மாட்டிக்கொண்ட ஒற்றைப் படியில் எப்போதும் தூசிதான்.

அந்தப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதையும் இரண்டாகப் பிரிக்க மாமனார் டேப்போடு உள்ளே நுழைந்தார். பிரித்தால் எந்தப் பக்கத்திலும் ஆள் நிற்க முடியாது. "இது பொது" என்று சொல்லிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பொது என்று ஆன பிறகு அதை யார் சீண்டுவார்கள்? காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்களும், கால் உடைந்த நாற்காலியும், ஜோடியைத் தொலைத்த செருப்புகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. எல்லாம் தம்பியுடையது என்று பெரியவரும், எல்லாம் அண்ணனுடையது என்று என் கணவரும் சொல்லிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் எனக்கு ஒரு வேலை கிடைப்பதுபோல இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஓர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவள். இப்போது வந்ததும் அதை ஒட்டிய வேலைதான். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசுவதைக் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் கம்பெனியின் மேற்பார்வையாளர் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கதவு மூடிய அறை வேண்டும், நெட் வயர் வழியாக வர வேண்டும், காற்றில் வருகிற வைஃபை சமாசாரம் எல்லாம் கூடாது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. நடுவில் தொடர்பு அறுந்தால் சோதனையும் அதோடு முடிந்தது, இன்னொரு வாய்ப்பு கிடையாது.

எனக்கு அந்த வேலை வேண்டும். ஏன் என்று கேட்டவர்களிடம் ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் ஒன்றுதான். "நீ சும்மாதானே இருக்கே" என்று இந்த வீட்டில் ஆளாளுக்கு என்னிடம் சொல்வார்கள். கியாஸ் காலியானாலும், தபால்காரர் வந்தாலும், கடைக்கு ஒரு நடை போக வேண்டியிருந்தாலும் அந்த வாக்கியம்தான் முதலில் வரும். அதை இனி என் காதால் கேட்கக் கூடாது.

வீட்டுக்கு நெட் வாங்குவதில் ஆட்சேபம் எழவில்லை. பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு வாரம் போயிற்று. கீழே வைத்தால் அண்ணன் கை ஓங்கும், மேலே வைத்தால் தம்பி கை ஓங்கும். கடைசியில் மாமனார் தீர்ப்பு சொன்னார்: படிக்கட்டு அறை, அதுதான் பொது. சனிக்கிழமை நெட்காரர் வந்தார். பொறுமைசாலி. செருப்புகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு ரூட்டரைச் சுவரில் மாட்டினார். அங்கிருந்து மாடிக்கு ஒரு வயர் போக வேண்டும், அதன் முனையில் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ஸ்விட்ச் பெட்டி, அதிலிருந்து என் மேசைக்கு இன்னொரு வயர் என்று விளக்கினார்.

"மாடிக்குப் போற வயர் இந்த ஹால் சுவர் வழியாத்தான் போகணும். ஓட்டை போடலாமா?" என்று கேட்டார்.

அது பெரியவர் ஹால். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பெரியவர் சுவரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அப்பா பார்க்கிறாரா என்றும் பார்த்துக்கொண்டார்.

"போடுங்க. நம்ம தம்பிக்கு இல்லாத சுவரா? வயர்கூட நானே வாங்கியாறேன்" என்றார்.

சொன்னபடி வாங்கியும் வந்துவிட்டார், வெள்ளை வயர். நெட்காரர் அதைச் சுவரோடு அழகாக ஆணியடித்து மாடிவரை கொண்டுபோனார். என் மேசையில் கணினியைத் திறந்தேன், கேட்டது வந்தது. ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டு அவர் போனார். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் காலை என் கணவர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"அண்ணன் குடுத்த வயர்லதான் நாம ஓடிட்டிருக்கோம்."

"ஓடுதில்ல, விடுங்க."

"உனக்கென்ன, சொல்லிட்டே. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, என் சுவரு, என் வயருன்னு சொல்லிக் காட்ட மாட்டாரா? வாங்கினா திருப்பிக் குடுத்துடணும்."

"வயரை எப்படிங்க திருப்பிக் குடுப்பீங்க? கிண்ணமா அது?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் தெளிந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தெரிந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார்.

"அங்க பாரு. தண்ணி மேல போறதுக்கு ஒரு குழா, கீழ வர்றதுக்கு ஒரு குழா. ஒரே குழாயை வெச்சுக்கிட்டு எந்த வீட்லயாவது தொட்டி கட்டுவாங்களா? இந்த நெட்காரன் பாதி வேலைதான் பண்ணியிருக்கான். போறதுக்கு அண்ணன் வயர் இருக்கு. திரும்பி வர்றதுக்கு நான் போடறேன்."

"அவர் படிச்சவருங்க. அவருக்குத் தெரியாதா?"

"ரூட்டர்ல காலியா ஓட்டை இருக்கே, பாத்தியா? எதுக்கு விட்டிருக்கான்? திரும்பி வர்ற வயருக்குத்தான்."

வீம்பும் விஞ்ஞானமும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் பெண்டாட்டி பேச்சு எங்கே எடுபடும்? கடைக்குப் போய் நீல நிறத்தில், அண்ணனுடையதைவிடத் தடிமனான வயராகப் பார்த்து வாங்கி வந்தார். அதன் ஒரு முனையை மாடி ஸ்விட்ச் பெட்டியில் செருகி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, வெளிச்சுவரோடு இறக்கி, படிக்கட்டு அறையின் காற்றுத்துளை வழியாக உள்ளே இழுத்து, ரூட்டரின் காலி ஓட்டையில் மறுமுனையைச் செருகினார். வியர்வை சொட்டச் சொட்ட அத்தனையும் அவரே செய்தார். ஒரு டியூப்லைட் மாற்ற ஆள் கூப்பிடுகிற மனிதர்.

செருகிய உடனே இரண்டு பெட்டிகளிலும் பச்சை விளக்குகள் வெறிபிடித்து மின்ன ஆரம்பித்தன.

"பாத்தியா? நேத்து என்னமோ சோம்பேறி மாதிரி எப்பவாவது கண்ணைச் சிமிட்டுச்சு. இப்ப பாரு வேகத்தை!"

எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். மாமனார் டேப் எடுத்து வந்து இரண்டு வயரையும் அளந்தார். தம்பியுடையதுதான் நீளம். பெரியவர் "ம்" என்று ஒரு எழுத்தில் பாராட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழே நெட்டில் ஓடிக்கொண்டிருந்த அவர் டிவி நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்பெனிக்காரன் வேலை செய்ய மாட்டான் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். விளக்கு அவ்வளவு ஜோராக மின்னும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கும் வரவில்லை. பரீட்சைக்கு வேண்டிய சொற்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே மேசைக்கு முன் உட்கார்ந்தேன். கணினித் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டேன், வயரைக் கழற்றி மாட்டினேன், பெட்டியைத் தட்டினேன். விளக்கு மட்டும் குறைவில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. நெட்காரரைக் கூப்பிட்டேன்.

"சனிக்கிழமை நல்லாத்தானே இருந்துச்சு? நடுவுல ஏதாவது மாத்தினீங்களா?"

"மாத்தலைங்க. எங்க வீட்டுக்காரரு இன்னொரு வயர் சேர்த்திருக்காரு."

"எங்கேருந்து எங்கே?"

"மேல் பெட்டியிலேருந்து கீழ் பெட்டிக்கு. திரும்பி வர்றதுக்காம்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அம்மா, போறதும் வர்றதும் ஒரே வயர்லயே நடக்கும். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ரெண்டு வயர் போட்டா, கீழ இருக்கிறது ஒரு சேதியை மேல சொல்லும். மேல இருக்கிறது அதையே இன்னொரு வயர் வழியா கீழ திருப்பிச் சொல்லும். கீழ இருக்கிறது அது புதுசா வந்ததுன்னு நெனச்சு மறுபடி மேல சொல்லும். இப்படியே அது சொன்னதையே சொல்லிச் சொல்லி, வேற யாரும் வாயைத் திறக்க முடியாமப் போயிடும். விளக்கு கன்னாபின்னான்னு மின்னுமே?"

"மின்னுது" என்றேன். எங்கள் வீட்டில் மனிதர்கள் பல வருஷமாகச் செய்துவருவதைப் பெட்டிகள் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டன.

"ஒண்ணைப் புடுங்கிடுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல. உடனே சரியாயிடும்."

படிக்கட்டு அறைக்கு ஓடினேன். சத்தமில்லாமல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு ஓடி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் நீல வயரில் கை வைக்கவும் கணவர் பின்னாலேயே வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"என்ன பண்றே?"

"ஒண்ணை எடுக்கணுமாம். ரெண்டு இருந்தா ஓடாதாம்."

"எதை?"

"எதையாவது ஒண்ணு."

"எதையாவதுன்னா? என்னோடதுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

குரல் கேட்டுப் பெரியவர் வந்தார். "அப்ப நான் போட்டதைப் புடுங்கணும்கிறியாடா?"

"நான் அப்படிச் சொன்னேனா அண்ணே?"

"வேற எப்படிச் சொன்னே? என் சுவத்தைக் குடைஞ்சு விட்டிருக்கேன்."

"நான் வெயில்ல ஏணி மேல நின்னு போட்டிருக்கேன்."

"எனக்குப் பத்து மணிக்குப் பரீட்சை" என்றேன். யார் காதிலும் விழவில்லை. மாமனார் டேப்போடு வந்து சேர்ந்தார். அந்த டேப்பைப் பார்த்தவுடன் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

"முந்தி வந்தது யார் வயர்?" என்று விசாரித்தார்.

"பெரியவரோடது மாமா."

"நீளம் யாருது?"

"உங்க சின்னப் பையனோடது."

அவர் தாடையைத் தடவினார். "அப்ப ரெண்டுலயும் சரிபாதி வெட்டி..."

"வேண்டாம் மாமா!" என்று நான் போட்ட கூச்சலில் அவரே ஒரு அடி பின்வாங்கினார்.

சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த ஓரகத்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சின்னவர் எங்கே விட்டுக்குடுக்கப் போறார்? சின்ன வயசிலேருந்தே அவர் சுபாவம் அதுதானே."

என் கணவருக்குச் சுருக்கென்றது. "யாரு? நானா? நானா விட்டுக்குடுக்க மாட்டேன்?" என்று சொல்லிக்கொண்டே நீல வயரை ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்தார்.

விளக்குகள் அடங்கின. நல்ல பிள்ளைகளாக, எப்போதாவது ஒருமுறை கண் சிமிட்டின. ஓரகத்தியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மாடிப்படியில் கால் வைத்துவிட்டேன்.

"ஓ! தம்பி விட்டுக்குடுத்து, அந்தத் தயவுல அண்ணன் வயர் ஓடணுமா?" பெரியவர் குரல் உடைந்தே போயிற்று. "எனக்கு அந்தப் பெருமை வேண்டாம்ப்பா!" வெள்ளை வயரையும் பிடுங்கினார். பிடுங்கியதோடு விடவில்லை. ஆணியெல்லாம் தெறிக்கச் சுவரிலிருந்து இழுத்து, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். என் கணவர் சும்மா இருப்பாரா? வெளியே போய் நீல வயரை இறக்கிச் சுருட்டி அவரும் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். விட்டுக்கொடுப்பதில் யார் பெரியவர் என்ற சண்டை அதிலிருந்து ஆரம்பமானது.

"யாராவது ஒருத்தர் திரும்பச் செருகுங்க" என்றேன்.

"என் வயரைத் தொடக் கூடாது" என்றார் கணவர்.

"என்னோடதை மட்டும் தொட்டுடுவீங்களா?" என்றார் பெரியவர்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் வீடு இரண்டுபட்டதில் எனக்குத் திண்டாட்டம்தான். நடுப்படியில், அந்தத் தூசியிலேயே உட்கார்ந்தேன். என் பிழைப்பு இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று நினைக்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுதால் முகம் வீங்கும், கேமராவில் தெரியும். அழவில்லை.

அப்போதுதான் படிக்கட்டு அறையின் திறந்த கதவு வழியாக ரூட்டர் வந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. அதற்குள் ஒரு குட்டை மஞ்சள் வயர், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. கம்பெனிக்காரன் இலவசமாகச் சேர்த்து அனுப்பியது. அண்ணன் வாங்கியதும் இல்லை, தம்பி வாங்கியதும் இல்லை.

மேலே ஓடிக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நடுவில் நின்று வாதாடிக்கொண்டிருந்தவர்களைத் தோளால் இடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி அதன்மேல் கணினி. கால் உடைந்த நாற்காலியைச் சுவரோடு சாய்த்து அதில் நான். மஞ்சள் வயரின் ஒரு முனை ரூட்டரில், மறுமுனை என் கணினியில். சாமான் அறை என்பதால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது. கதவைச் சாத்தி, காலை நீட்டி முட்டுக்கொடுத்துக்கொண்டேன். திரையில் வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மேற்பார்வையாளர் அம்மாளின் முகம் வந்தது.

"குட் மார்னிங். பின்னாடி என்னம்மா அது, செருப்பா?"

"ஆமா மேடம். ஜோடி இல்லாதது."

"ரூம் மூடியிருக்கா?"

"மூடியிருக்கு மேடம்."

"யாரோ கத்தற மாதிரி கேக்குதே?"

"வெளிய விட்டுக்குடுத்துட்டு இருக்காங்க மேடம்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கும்.

காதில் ஹெட்போனை மாட்டினேன். எங்கோ ஒரு டாக்டர், யாரோ ஒருவருடைய முழங்காலைப் பற்றி நிதானமாகப் பேச ஆரம்பித்தார். வீக்கம், வலி, மடக்க முடியவில்லை. குரல் ஓரிடத்திலும் அறுபடவில்லை. என் விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. நடுவில் யாரோ கதவைத் தள்ளினார்கள், காலை இன்னும் அழுத்தி ஊன்றினேன். "உள்ள என்ன பண்றே? சும்மாதானே..." என்று ஒரு குரல் தொடங்கியது தெரியும். முடித்தது எனக்குக் கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

வேலை கிடைத்தது. அண்ணன் தம்பி சமாதானத்துக்குத்தான் நாளாயிற்று. நெட்காரர் வந்து, இருவருடையதும் வேண்டாம் என்று தன் பையிலிருந்தே ஒரு சாம்பல் நிற வயரை எடுத்து மாடிக்குப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பதிலாக அவருக்கு என்ன திருப்பிக் கொடுப்பது என்று இன்றுவரை பேச்சு நடக்கிறது.

"மேல வந்துடு. உன் மேசைக்கு வயர் வந்தாச்சு" என்றார் கணவர்.

"நான் வரலை" என்றேன்.

சேதி மாமனாருக்குப் போயிற்று. டேப்போடு வந்து அறை வாசலில் நின்றார். நான் செருப்புகளை வெளியே தள்ளிவிட்டு, சுவரைக் கழுவி, என் மேசையையும் இறக்கியிருந்தேன்.

"இது பொது இடம்மா. ஒரு பங்குதாரர் தனியா வந்து ஒக்காரக் கூடாது. இன்னொருத்தர் கேப்பாரு."

"நான் பங்குதாரரா மாமா?"

"சின்னவன் பொண்டாட்டி இல்லையா நீ?"

"மாடி உங்க பையனுக்கு. படியில மேல்பாதி உங்க பையனுக்கு. அளந்து பிரிச்சீங்களே, அதுல நான் எங்க வர்றேன்?"

அவர் யோசித்தார். மனதுக்குள் முழு வீட்டையும் ஒருமுறை அளந்தார் என்று நினைக்கிறேன். மாடிக்குப் போனார், கீழே வந்தார், படியில் நின்றார். என்னைப் பொருத்த ஓரிடமும் கிடைக்கவில்லை. டேப்பின் நாக்கு சர்ரென்று உள்ளே போயிற்று.

"வேற ஏதாவது வேணுமாம்மா?" என்றார். அந்தக் குரலில் அவர் என்னிடம் அதற்கு முன் பேசியதில்லை.

"உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேணும் மாமா."

அன்று சாயங்காலமே பெரியவர் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து அடித்தார். அண்ணன் அடித்துவிட்டாரே என்று மறுநாள் என் கணவர் இன்னொன்று, கொஞ்சம் பெரிதாக, வாங்கி வந்து அதற்கு மேலே அடித்தார். நான் தடுக்கவில்லை. வயர் இரண்டானால்தான் வம்பு. தாழ்ப்பாள் இரண்டானால் ஒன்றும் ஆவதில்லை. தினமும் காலையில் உள்ளே போய் இரண்டையும் போட்டுக்கொள்கிறேன்.